சைக்கிள் சங்கிலி கழன்றால் செய்ய வேண்டுவன

கிராமங்களிலிருந்து பாலையும் காய்கறிகளையும் சந்தைக்குக் கொண்டு செல்வோர்க்கு சைக்கிள் மிக்க உதவியானது. பாரம் ஏற்றிய வண்டியின் சங்கிலி நடுவழியில் கழன்றால் நேரிடுவது காலதாமதம் மாத்திரமன்று. ஏரிக்கரைச் சரிவு போன்ற இடங்களில் உயிருக்கே அபாயமுண்டு. முறையறிந்தவர்க்கோ இஃது சில நிமிஷ வேலையே.

1. ஓட்டும்போது

மிதி திடீரெனப் பாரமின்றிச் சுழலுமாயின் சங்கிலி கழன்றதென அறிந்து, மிதிப்பதை உடனே நிறுத்துக. குனிந்து பார்த்தல் கூடாது. கண் பாதையிலேயே இருத்தல் வேண்டும். கைப்பிரேக்குகள் சங்கிலியைச் சார்ந்தவையல்ல. ஆதலின் அவற்றை மெல்லப் பிடித்து, இடப்புறம் ஒதுங்கி இறங்குக. மிதியைப் பின்னோக்கி அழுத்தி நிறுத்தும் வண்டிகளிலோ, சங்கிலி போனவுடன் அந்தப் பிரேக்கும் போய்விடும். அத்தகைய வண்டிக்கு முன்சக்கரக் கைப்பிரேக் அவசியம். மிதி இறுகி நின்றால் பலவந்தமாக மிதித்தல் தகாது, சங்கிலி சிக்கியிருக்கும்.

2. மாட்டும் முறை

பாரத்தை இறக்கி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துக. ஒரு குச்சியினாலோ கந்தையினாலோ சங்கிலியைத் தூக்கி, முதலில் பின்சக்கரத்தின் சிறிய பற்சக்கரத்தில் மாட்டுக. பிறகு முன்புறப் பெரிய பற்சக்கரத்தின் அடிப்பற்களில் இரண்டு மூன்று கண்ணிகளைப் பொருத்தி, மிதியைக் கையினால் மெல்லப் பின்னோக்கிச் சுழற்றினால் சங்கிலி தானே ஏறிக்கொள்ளும். பின்னோக்கிச் சுழலாத வண்டியில், பெரிய சக்கரத்தின் மேற்பற்களில் பொருத்தி முன்னோக்கிச் சுழற்றுக. சுழற்றும்போது விரல் சங்கிலிக்கும் பல்லுக்கும் நடுவில் இருத்தலாகாது. விரல் நுனியை இழந்தோர் பலர் இவ்விடத்தில் அசட்டையாயிருந்தவர்களே.

3. காரணம் காணல்

மாட்டியதோடு வேலை முடிந்ததென்று எண்ணுவது பெரும்பிழை. சரியான சங்கிலி காரணமின்றிக் கழலாது.

தளர்ச்சியே முதற்காரணம். இரு பற்சக்கரங்களுக்கும் நடுவில் சங்கிலியை விரலால் அசைத்தால், அது மேலும் கீழுமாக ஏறக்குறைய அரை அங்குலம் அசையலாம். மிதியைச் சிறிது சிறிதாகச் சுழற்றிப் பலவிடங்களில் சோதிக்க வேண்டும். அதிகம் தளர்ந்திருப்பின், பின்சக்கரத்தின் இரு நட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, கோணாமல் நடுவில் நிறுத்தி முடுக்குக. சக்கரம் நகர்ந்தமையால் பின்பிரேக்கையும் சரிபார்த்தல் வேண்டும்.

தேய்மானம் இரண்டாவது காரணம். சங்கிலியில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைவெளி அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகள் 12 அங்குலம் ஆகும். அடிக்கோலால் அளக்கையில் அது 12 அங்குலத்தினும் அரைக்கால் அங்குலம் மிகுந்திருப்பின், சங்கிலியை மாற்றுக. பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் பற்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். இல்லையேல் புதுச் சங்கிலியும் வழுக்கும். சங்கிலியை இணைக்கும் கிளிப்பின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும்.

மழையிலும் புழுதியிலும் ஓடிய சங்கிலியைத் துடைத்து, சில துளி எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துடைத்து விடுக. எண்ணெய்ப்பசை மிகுந்தால் மண் ஒட்டித் தேய்மானம் பெருகும்.

வாரமொருமுறை இச்சோதனைக்குக் கால்மணி நேரம் ஒதுக்குவோர், பாதி வழியில் பாற்குடத்துடன் நிற்க நேராது.