பிள்ளைகளின் சீருடை

திண்டுக்கல்,
சித்திரை 22.

அன்பு மகள் மீனாட்சிக்கு,

பெரியம்மா எழுதுவது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பெரியவன் முதல் வகுப்பிலும் சின்னவள் எல்.கே.ஜி.யிலும் சேரப் போகிறார்கள் என்று உன் கடிதத்தில் படித்ததில் மனம் நிறைந்தது. பள்ளியில் கொடுத்த சீருடைப் பட்டியலையும் அதற்கு ஆகும் தொகையையும் குறிப்பிட்டு, எதை வாங்குவது, எதை விடுவது, எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். தையலாசிரியையாகக் குழந்தைகளின் நடுவிலேயே வாழ்நாளைக் கழித்தவள் என்ற உரிமையில், எனக்குத் தெரிந்தவற்றை விரிவாகவே எழுதுகிறேன், அவகாசமாகப் படி.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் ஸ்திரமாக வைத்துக்கொள். சீருடை என்பது பள்ளியின் பெருமைக்காகவோ பெற்றோரின் கௌரவத்துக்காகவோ ஏற்பட்டதன்று; காலை முதல் மாலை வரை அதை உடுத்திக்கொண்டு உட்காரவும் ஓடவும் உண்ணவும் வேண்டிய குழந்தைக்காக ஏற்பட்டது. குழந்தையின் உடம்புக்கு இதமாகவும், அதன் சிறு கைகளால் தானே போட்டுக் கழற்றக் கூடியதாகவும், நெடுநாள் உழைப்பதாகவும் இருக்கும் உடையே மலிவான உடை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு குறைந்த விலைக்கு வாங்கினாலும் அது நஷ்டமே.

நம் தமிழ்நாட்டில் இந்த வழக்கம் வேரூன்றிய வரலாற்றை நீ அறிந்திருப்பது நல்லது. காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் இயக்குநராகவும் இருந்த காலத்தில், ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூடி, மக்கள் தங்களால் இயன்ற பொருளைப் பள்ளிக்கூடங்களுக்கு வழங்கினார்கள். பண்ணையார் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் உட்காரும்போது, உடையைக் கொண்டு இவன் இன்னான் என்று எவரும் கண்டுகொள்ள இடமிருக்கலாகாது என்ற சமத்துவ நோக்கமே அந்நாளில் சீருடையைப் பரப்பியவர்களின் உள்ளத்தில் இருந்தது. 1985ஆம் ஆண்டு முதல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசச் சீருடை வழங்கி வருகிறது. 2012ஆம் ஆண்டுக்குப் பிறகு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு ஜோடி என்று அது பெருகியது. அந்தத் துணியைக் கூட்டுறவுச் சங்கங்களின் நெசவாளர்கள் நெய்கிறார்கள்; மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள் தைக்கிறார்கள். ஆகையால் எளிமையே சீருடையின் தர்மம். எளிய உடையைத் தேடுவதற்காக நீ ஒருநாளும் கூசவேண்டியதில்லை.

இனிப் பட்டியலுக்கு வருவோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டாயமானது எது, இருந்தால் நல்லது எது, அலங்காரத்துக்கானது எது என்று மூன்றாகப் பிரித்துக்கொள். நிறமும் அமைப்பும் பள்ளி முத்திரையும் பெரும்பாலும் கட்டாயமாக இருக்கும். குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்பது கட்டாயமா என்பதை அலுவலகத்தில் மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள். உன் குழந்தைகள் சேரும் பள்ளி மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கிறாய். பள்ளி வளாகத்தைப் புத்தகமும் சீருடையும் விற்கும் கடையாக்கக் கூடாது என்று அந்த வாரியமே 2017ஆம் ஆண்டில் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. முத்திரையை மட்டும் தனியாகப் பெற்று நாமே தைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தால், துணியை வெளியில் வாங்கித் தைப்பதில் கணிசமான தொகை மிஞ்சும்.

எத்தனை ஜோடி வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் வகுத்திருக்கிறது. மூன்று ஜோடி இருந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 67 முறை உடுத்தித் துவைக்கப்படும். இரண்டே ஜோடியானால், ஐப்பசி கார்த்திகை மழையில் கொடியில் போட்டது உலராத நாட்களில் ஈரத்தோடு அனுப்ப நேரும். ஐந்தாறு ஜோடி தைத்தாலோ, பாதி கிழியாமலே குழந்தைக்குச் சிறுத்துப்போகும். மூன்றிலும் இரண்டை ஜூன் மாதத்துக்கு முன்பும், மூன்றாவதைக் காலாண்டுப் பரீட்சை விடுமுறையிலும் தைத்துக்கொள். அதற்குள் குழந்தை எவ்வளவு வளர்ந்தது, எந்த இடத்தில் உடை தேய்கிறது என்பதெல்லாம் உனக்கே விளங்கியிருக்கும்.

விலையை மதிப்பிடும் முறையையும் சொல்கிறேன். 300 ரூபாய்க்கு வாங்கிய சட்டை 40 துவைப்பில் வெளுத்துக் கழுத்துப்பட்டை கிழிந்துபோனால், ஒரு நாளைக்கு ஏழரை ரூபாய் ஆயிற்று. 420 ரூபாய்க்கு வாங்கியது 120 துவைப்புத் தாங்கினால், ஒரு நாளைக்கு மூன்றரை ரூபாய்தான். எந்த உடையைக் கையில் எடுத்தாலும், விலைச்சீட்டைப் பார்த்த கையோடு, இது எத்தனை துவைப்புத் தாங்கும் என்று யோசிக்கும் வழக்கத்தைக் கைக்கொள். சிக்கனத்தின் சாரம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். பருத்தி நூல் காற்றிலிருந்தே தன் எடையில் நூற்றுக்கு எட்டரைப் பங்கு அளவு ஈரத்தை ஏற்று வைத்துக்கொள்ளும் சுபாவமுடையது. பாலியெஸ்டரோ நூற்றுக்கு அரைப் பங்குகூட ஏற்பதில்லை. ஆகவேதான் சித்திரை, வைகாசிப் புழுக்கம் ஆனியிலும் தொடரும் நம் ஊர்களில், முழுப் பாலியெஸ்டர் உடுத்திய குழந்தையின் முதுகில் வியர்வை தங்கி வேர்க்குரு உண்டாகிறது. ஆனால் பருத்தியோ எளிதில் கசங்கும். முதல் துவைப்பில் சுருங்கும். மழைக்காலத்தில் உலரத் தாமதமாகும். இவ்விரண்டின் குணங்களையும் இணைக்கும் பொருட்டே 67 பங்கு பாலியெஸ்டரும் 33 பங்கு பருத்தியும் கலந்த டெரிகாட்டன் வழக்கத்துக்கு வந்தது. உடம்போடு ஒட்டிக் கிடக்கும் மேல்சட்டைக்குப் பருத்தி அதிகமுள்ள துணியையும், தரையிலும் பலகையிலும் தேய்கிற அரைக்கால் சட்டைக்கும் பாவாடைக்கும் டெரிகாட்டனையும் தேர்ந்தெடுப்பதே என் அபிப்பிராயம்.

கடையில் துணியைச் சோதிக்கச் சில எளிய வழிகள் உண்டு. விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். இழைகளுக்கிடையே இடைவெளி அதிகமாகத் தெரிந்தால் அது சீக்கிரம் நைந்துவிடும். இரு விரல்களுக்கிடையே அழுத்தித் தேய்த்துப் பார். வெள்ளைப் பொடி உதிர்ந்தால், விறைப்பு துணியுடையதன்று, கஞ்சியுடையது என்று தெரிந்துகொள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, கருநீலம், மெரூன் போன்ற அடர் நிறத் துணியின் மேல் தேய்த்துப் பார். சாயம் ஒட்டினால், அது வெள்ளைச் சட்டையையும் கெடுக்கும் என்பதால் வேண்டாமென்று வைத்துவிடு. எந்தத் துணி என்பதில் சந்தேகம் வந்தால், ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி வந்து, வீட்டில் இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டு. பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும்; பாலியெஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டியான மணியாகும். பருத்தித் துணியானால், தைப்பதற்கு முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே தையற்காரரிடம் கொடு. சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும்.

ஐந்து வயது முதல் பத்து வயது வரை குழந்தைகள் ஆண்டுக்கு ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக, உயரம் வளர்கிறார்கள். இதற்கு அஞ்சி, இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துத் தொளதொளவென்று தைத்துவிடுவது நம்மவர் வழக்கம். தோள் சரிந்து, சட்டைக் கை முழங்கைக்குக் கீழே தொங்கி, இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டே ஓடும் குழந்தைக்கு விளையாட்டிலும் மனம் செல்லாது, பாடத்திலும் செல்லாது. தோளும் கழுத்தும் இன்றைய அளவுக்கு இருக்கட்டும். நீளத்தில் மட்டும் நாளைய அளவை மறைத்து வை. பாவாடையின் அடிமடிப்பில் மூன்று அங்குலமும், அரைக்கால் சட்டையின் மடிப்பில் இரண்டு அங்குலமும் விடச் சொல். பக்கத் தையல்களின் உள்ளே இருபுறமும் ஓர் அங்குலம் துணி இருக்கட்டும். சின்னவளின் பினஃபோரில் தோள்பட்டைக்கு இரண்டு பித்தான் வைத்தால் ஆண்டின் நடுவில் இறக்கிக்கொள்ளலாம். இவ்வாறு தைத்த உடையை, அடுத்த சித்திரையில் பழைய தையலைப் பிரித்து இறக்கிவிட்டால், இன்னோராண்டு பழுதின்றி உழைக்கும்.

உடை தயாரானதும் குழந்தைக்குப் போட்டுவிட்டு, கைகள் இரண்டையும் தூக்கச் சொல். குந்தி எழச் சொல். சம்மணமிட்டு உட்காரச் சொல். தூக்கும்போது சட்டை இடுப்பை விட்டு மேலேறாமலும், குந்தும்போது தையல் இழுபடாமலும் இருந்தால்தான் தையல் கூலியைக் கொடு.

எல்லாவற்றிலும் பெரிய விஷயமாக நான் கருதுவது குழந்தையின் சுயேச்சையை. நான்கு வயதுக் குழந்தை வகுப்பில் கை தூக்கி, அனுமதி கேட்டு, கழிப்பறைக்குத் தனியே போய்த் திரும்ப வேண்டும். இடுப்பில் இறுகிய கொக்கியோ, பின்புறம் வரிசையாகப் பித்தானோ இருந்தால் குழந்தையால் கழற்ற முடியாது; ஆயாவைக் கூப்பிடக் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்ளும்; சில சமயம் உடையிலேயே போய்விட்டு நாள் முழுவதும் அவமானத்தில் குமையும். நேரமாயிற்று என்று காலையில் நாமே போட்டு அனுப்பிவிடுவதால், இந்தச் சிரமம் நம் கண்ணில் படுவதில்லை. அரைக்கால் சட்டையின் இடுப்பில் எலாஸ்டிக் வைத்துவிடு. பித்தான் பெரிதாகவும் காஜா சற்றே தளர்வாகவும் இருக்கட்டும். கழுத்து டை கட்டாயமானால் எலாஸ்டிக் வைத்ததையே வாங்கு. பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் ஒருமுறை தானே போட்டுக் கழற்றப் பழக்கு. தன் பித்தானைத் தானே மாட்டிய குழந்தையின் முகத்தில் தோன்றும் பெருமிதம், பின்னாளில் எழுத்துக்கும் கணக்குக்கும் வேண்டிய தன்னம்பிக்கையின் முதற்படி என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

காலணியிலும் இதே நியாயம்தான். கயிறு கட்டும் ஷூ இந்த வயதுக்கு வேண்டாம்; ஒட்டுப்பட்டை வைத்ததே போதும். மாலை நேரத்தில் பாதம் சற்று வீங்கியிருக்கும் ஆதலால் அப்போது அளவு பார்ப்பதே உசிதம். கட்டைவிரலுக்கு முன் பெரியவர் விரல் ஒன்றின் அகலம் இடம் இருக்கட்டும். அதற்கு மேல் பெரிதாக வாங்கினால் தடுக்கி விழுவார்கள். சிறிதானால் வளரும் எலும்பு நெரியும். பணத்தைச் சுருக்க வேண்டுமானால் வேறெதில் வேண்டுமானாலும் சுருக்கு. இதில் மட்டும் சுருக்காதே.

தைப்பதா, ரெடிமேட் வாங்குவதா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. ரெடிமேட் வாங்கினால் உடையை உள்பக்கம் திருப்பிப் பார்: ஓரம் ஓவர்லாக் செய்யப்பட்டிருக்கிறதா, கவட்டையிலும் அக்குளிலும் இரட்டைத் தையல் ஓடியிருக்கிறதா, இறக்கிவிட மடிப்பில் துணி இருக்கிறதா என்று கவனி. எண் போட்ட அளவுகள் கடைக்குக் கடை வேறுபடும். ஆகவே எண்ணை நம்பாமல், நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒட்டிவைத்துப் பார். தைப்பதானால் இப்போதே கொடுத்துவிடு. மே மாதக் கடைசியில் தையற்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிராது. உன் தெருவில் அதே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தால், தாய்மார்கள் ஒன்றுகூடி, ஈரோட்டு ஜவுளிச் சந்தை போன்ற மொத்த வியாபார இடத்தில் முழுத் துணிச்சுருளாக எடுத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். சில்லறை விலைக்கும் அதற்கும் நல்ல வித்தியாசம் இருக்கும்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளியிலிருந்து வந்ததும் உடையை மாற்றிவிடு. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்து, நிறத் துணியை நிழலில் உலர்த்து. பிரிந்த தையலை அன்றைக்கே ஊசியில் பிடித்துவிடு. பெயரைக் கழுத்தின் உள்புறம் நூலால் தைத்துவை. மைப்பேனாவால் எழுதியது பத்துத் துவைப்பில் மறைந்துபோகும்.

கடைசியாக ஒன்று. சிறுத்துப்போன உடையைப் பரணில் கட்டிவைக்காதே. துவைத்து, பித்தான் சரிபார்த்து, தேய்த்து மடித்து, வேண்டியவர்களிடம் மதிப்போடு கொடு. அவ்வாறே பிறர் கொடுப்பதையும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள். அண்ணன் சட்டையைத் தம்பி போடுவதும், பக்கத்து வீட்டு அக்காவின் பாவாடையை இந்த வீட்டுத் தங்கை உடுத்துவதும் நம் குடும்பங்களில் என்றும் குறையாகக் கருதப்பட்டதில்லை. பெற்றோர் கூட்டத்தில் நீயும் மாப்பிள்ளையும் எழுந்து, ஆண்டுக்காண்டு சீருடையின் நிறத்தையும் கோடுகளையும் மாற்ற வேண்டாம், எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரணத் துணியையே வையுங்கள் என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். நிறம் மாறாத வரையில்தான் ஒரு வீட்டுச் சட்டை மற்றொரு வீட்டுக்குப் பயன்படும். நீங்கள் சொல்லும் அந்தச் சொல், கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கி உட்கார்ந்திருக்கும் எத்தனையோ தாய்மார்களின் பாரத்தைக் குறைக்கும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். அளவுச் சட்டைகளைக் கொடுத்தனுப்பினால் மூன்றாவது ஜோடியை நானே தைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா.