அணுத்தடிமன் மீக்கடத்திகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: வலிமையான காந்தப்புலம் மீக்கடத்துத்திறனை ஒரே வழியில்தான் அழிக்கிறது.

உண்மை: மின்தடையின்றி மின்னோட்டத்தைச் செலுத்தும் மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் 'கூப்பர் இணை'களாகச் சேர்ந்து இயங்குகின்றன, காந்தப்புலம் அவற்றின் பாதையை வளைத்துச் சுழலச் செய்தும் பிரிக்கும், எலக்ட்ரானைச் சிறு காந்தமாக்கும் 'தற்சுழற்சி' என்ற இயல்பு இணைக்குள் எதிரெதிராக இருப்பதை ஒரே திசைக்குத் திருப்பியும் பிரிக்கும். ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள படலத்தில், புலம் படலத்தின் தளத்திற்கு இணையாக அமையும்போது சுழல்வதற்கு இடமில்லாமல் முதல் வழி ஏறக்குறைய அடைபட, இரண்டாம் வழியே எஞ்சுகிறது.

நம்பிக்கை: பவுலி வரம்பைத் தாண்டுவது இயற்பியல் விதியை மீறுவதாகும்.

உண்மை: இரண்டாம் வழியில் இணைகள் பிரியும் புல அளவாகிய இவ்வரம்பை 1962-இல் கிளாக்ஸ்டனும் சந்திரசேகரும் தனித்தனியே கணித்தனர், இந்தச் சந்திரசேகர் 1983-இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் அல்லர். மீக்கடத்துத்திறன் தோன்றும் நிலைமாறு வெப்பநிலையின் ஒவ்வொரு கெல்வினுக்கும் சுமார் 1.86 டெஸ்லா என்ற அக்கணிப்பு, தற்சுழற்சிகள் தடையின்றித் திரும்பும் என்று கொள்கிறது. நியோபியம் டைசெலினைடின் ஓரடுக்கிலோ படிகத்திற்கு மையச் சமச்சீர் இல்லாததால், எலக்ட்ரானின் இயக்கத்தோடு பிணைந்த தற்சுழற்சி, படலத்திற்குச் செங்குத்தாக மேலோ கீழோ நோக்கிப் பூட்டப்படுகிறது. தளத்திற்கு இணையான புலத்தால் அதை எளிதில் சாய்க்க இயலாது. 'ஐசிங் மீக்கடத்துத்திறன்' எனப்படும் இந்நிலையில் அவ்வோரடுக்கு தன் வரம்பைப்போல் ஆறு மடங்குக்கும் மேலான புலத்தைத் தாங்குவதாக 2016-இல் அறியப்பட்டது. அதே ஆண்டில், மின்புலத்தால் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் திரட்டப்பட்ட மாலிப்டினம் டைசல்ஃபைடு, 18 டெஸ்லா வரம்பைக் கடந்து சுமார் 52 டெஸ்லா வரை தாங்குவதும் வெளியாயிற்று. கணிப்பின் எடுகோள் இங்கே பொருந்தாததால் எந்த விதியும் மீறப்படவில்லை.

நம்பிக்கை: படலம் மெலிய மெலிய மீக்கடத்துத்திறன் வலுக்கும்.

உண்மை: பருமனான நியோபியம் டைசெலினைடு சுமார் 7 கெல்வினில் மீக்கடத்தியாகிறது, அதன் ஓரடுக்கோ சுமார் 3 கெல்வின் வரை குளிர்ந்தபின்னரே அந்நிலையை அடைகிறது. புலத்தைப் படலத்திற்குச் செங்குத்தாகச் செலுத்தினால், அடைபட்டிருந்த முதல் வழி திறந்து, சில டெஸ்லாவிலேயே மீக்கடத்துத்திறன் மறைகிறது.

நம்பிக்கை: வரம்பைத் தாண்டும் படலங்கள் அனைத்திற்கும் காரணம் ஐசிங் பூட்டே.

உண்மை: கார்பன் இலேசான தனிமம் என்பதால் கிராஃபீனில் அப்பூட்டு மிக நலிந்தது, ஆயினும் 2021-இல் ஆராயப்பட்ட, அடுக்குகள் ஒன்றுக்கொன்று சிறு கோணத்தில் திருகி அமைந்த மூவடுக்கு கிராஃபீன், தன் வரம்பைப்போல் இரண்டு மூன்று மடங்காகிய சுமார் 10 டெஸ்லா வரை தாங்கியது. அங்கே இணைகளின் தற்சுழற்சிகள் தொடக்கத்திலிருந்தே ஒரே திசையில் அமைந்திருக்கலாம் என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. அவ்வாறாயின், அவற்றைத் திருப்பிப் பிரிப்பதற்குக் காந்தப்புலத்திற்கு வேலையே இல்லை.