பேர் இல்லாத பழைய ஜாக்கிக்கு என்ன விலை போடுவது?

ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி தொழிற்பேட்டை பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட் கைமாறினாலோ, அண்ணன் தம்பி பாகம் பிரிச்சாலோ, சாமான் லிஸ்ட்ல இப்படி ஒரு வரி வரும்: "பழைய டிராலி ஜாக்கி – 1". ஒருத்தர் 500 ரூபாய்னு போடுவார், இன்னொருத்தர் 5,000 என்பார். கம்பெனி பேரும் இல்லை, பில்லும் இல்லை. அப்போ எதை வைத்து விலை போடுவது?

முதலில் அடையாளம்

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். பக்கத் தகடு, பம்ப் பாடி, கைப்பிடி சொருகும் இடம் – இங்கெல்லாம் எத்தனை டன் என்ற அச்சு இருக்கிறதா பாருங்கள். பெயின்ட் கலரை வைத்து கம்பெனியை முடிவு செய்யாதீர்கள். யார் வேண்டுமானாலும் திரும்ப அடித்திருக்கலாம். பிஸ்டன் விட்டத்தை மட்டும் அளந்தும் டன் சொல்ல முடியாது. தூக்கும் கையின் நீளம், அதன் கோணம் எல்லாம் சேர்ந்துதான் தாங்கும் எடை அமைகிறது.

அடுத்து ஆயில். பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு நம்ம ஏரியாவுக்குள் வந்தது நினைவிருக்கும். நீரில் மூழ்கிய ஜாக்கி வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே துரு இருக்கலாம்.

கடைசியாக, வண்டியின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, உயரத்தைக் குறித்துவிட்டு 15 நிமிஷம் விடுங்கள். பக்கத்திலேயே ஸ்டாண்ட் இருக்கணும், அடியில் யாரும் போகக் கூடாது. இறங்கினால் சீல் அல்லது வால்வு கோளாறு. தூக்கும் கையில் விரிசலோ வெல்டிங் ஒட்டோ இருந்தால் அது பழைய இரும்புதான்.

மூன்று மதிப்புகள்

கணக்கு புரிய, உதாரணத்துக்கு இந்த எண்களை எடுத்துக்கொள்வோம்.

1. புத்தக மதிப்பு: வருமான வரியில் இந்த மாதிரி கருவிக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம், அதுவும் மீதமுள்ள மதிப்பின் மேல். 12,000 ரூபாய் ஜாக்கி 10 வருஷத்தில் சுமார் 2,360. 20 வருஷத்தில் சுமார் 465. இது வரிக்கான எண். ஜாக்கி தூக்குதா இல்லையா என்று இதற்குத் தெரியாது.

2. பழைய இரும்பு விலை: 35 கிலோ, கிலோ 30 ரூபாய் என்றால் 1,050. இதுதான் அடிமட்ட விலை.

3. பயன்பாட்டு மதிப்பு: அதே டன் புது ஜாக்கி 10,000 என்று வைப்போம். பழசு, பேர் இல்லாதது என்பதற்குப் பாதி கழித்தால் 5,000. சீல், ஆயில், கூலி 1,500 கழித்தால் 3,500.

டன் அச்சு இருக்கு, 15 நிமிஷம் தாங்குது (அல்லது சீல் மாற்றிய பின் தாங்குது) என்றால் மூன்றாவது மதிப்பு. இந்த உதாரணத்தில் 500-ம் தப்பு, 5,000-ம் தப்பு. அச்சே இல்லை என்றால், தாங்கினாலும் இரண்டாவது மதிப்புதான். எத்தனை டன் என்று தெரியாத ஜாக்கியை "சும்மா 3 டன் இருக்கும்" என்று விற்றால், அதை நம்பி வண்டியடியில் படுக்கிறவர் ஒருத்தர் இருக்கிறார்.

வரி விஷயம்

தேய்மானம் எடுத்த கருவியை விற்றால், விற்ற தொகையை அந்தச் சொத்துத் தொகுப்பின் மதிப்பிலிருந்து கழிக்கணும். ஜிஎஸ்டி பதிவு உள்ள ஷெட், உள்ளீட்டு வரி எடுத்து வாங்கிய ஜாக்கியை 5 வருஷம் தாண்டி விற்றால், விற்பனை விலை மேல் வரி வரும், பில் போடுங்கள்.

பாகப்பிரிவினை என்றால் லிஸ்ட்ல இப்படி எழுதுங்கள்: "பேர் இல்லாத டிராலி ஜாக்கி, 2 டன் அச்சு உள்ளது, 15 நிமிஷம் எடை தாங்கியது, மதிப்பு 3,500". தேதி, போட்டோ, ரெண்டு பேர் கையெழுத்து. நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் இந்த ஜாக்கியால் சண்டை வராது.

உங்க ஷெட்ல இப்படி விலை தெரியாத சாமான் எது இருக்கு? கமென்ட்ல சொல்லுங்க, அடுத்த பதிவில் பார்க்கலாம்.