வடசென்னை: உழைப்பால் உருவான நிலம்

நுழையும்முன்

ஒரு நிலப்பகுதியை அறிய அதன் எல்லைகளை மட்டும் அறிந்தால் போதாது. அங்கு வாழ்வோர் எங்கிருந்து வந்தனர், எத்தொழில் செய்தனர், எதனால் ஒன்றுபட்டனர், எதனால் பிரிந்தனர் என்பனவற்றையும் அறிதல் வேண்டும். பெரம்பூரை மையமாகக் கொண்டு வடசென்னையை அவ்வாறு காண்கிறது இப்பாடம்.

தொழில் அழைத்த மக்கள்

1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி ஓடியது. அதே ஆண்டில் பெரம்பூரில் தொடர்வண்டிப் பணிமனை தோன்றியது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் பக்கிங்காம், கர்நாடிக் நூற்பு நெசவு ஆலைகளும் எழுந்தன. சுற்றியிருந்த மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து நிலமற்ற உழவர்கள் வேலை தேடி வந்தனர். தெலுங்கு பேசுவோரும் உருது பேசும் இசுலாமியரும் ஆங்கிலோ இந்தியரும் அருகருகே குடியேறினர். ஊர் வேறு, மொழி வேறு, சாதி வேறு. ஆனால் அவர்களை எழுப்பிய ஆலைச்சங்கு ஒன்றே. விடுதலைக்குப் பின், 1955 அக்டோபர் 2 அன்று இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு பெரம்பூரில் திறந்துவைத்தார். முதல் வந்தே பாரத் தொடர்வண்டி 2018இல் இங்குதான் உருவானது.

ஒன்றுகூடலும் பிளவும்

முதல் உலகப்போர்க் காலத்தில் அரிசி விலை உயர்ந்தது. கூலி அதற்கேற்ப உயரவில்லை. நீண்ட வேலைநேரமும் குறுகிய உணவு இடைவேளையும் தொழிலாளரை வருத்தின. இந்நிலையில் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா அதன் தலைவரானார். செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் துணைநின்றனர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது.

மூன்றே ஆண்டுகளில் அவ்வொற்றுமைக்குச் சோதனை வந்தது. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளருள் பலர் பங்கேற்கவில்லை. கூலியின்றிச் சில நாள்களைக் கழிப்பதும் அவர்களுக்கு அரிதாக இருந்தது. சேரியில் தம்மை ஒதுக்கியவர்களோடு ஆலையில் மட்டும் எவ்வாறு இணைவது என்ற ஐயமும் இருந்தது. எம்.சி. ராஜா அவர்கள் பக்கத்து நியாயத்தை எடுத்துரைத்தார். அப்பிளவு ஆலை நிருவாகத்திற்குச் சாதகமாயிற்று. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் மடிந்தன. இறுதியில் வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. பல இனத்தார் ஓரிடத்தில் வாழ்வதால் மட்டும் ஒற்றுமை வந்துவிடாது. சமமதிப்பே அதற்கு அடிப்படை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

தெரியுமா?

ஆலை நிருவாகம் வாடியா முதலியோர் மீது வழக்குத் தொடுத்தது. தொழிற்சங்கத் தலைவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை நாடு உணர இவ்வழக்கு காரணமாயிற்று. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது.

கடல் சொல்லும் கணக்கு

தொழில்வளம் நிலத்தையும் மாற்றியது. சோழமண்டலக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1870களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் அம்மணலின் வழியை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது; வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. ஒரு பகுதி பெற்ற அழகிய கடற்கரைக்கு மறுபகுதி மீனவர் தம் குடியிருப்புகளை விலையாகத் தந்தனர்.

எண்ணூரின் நிலையும் இத்தகையதே. அனல்மின் நிலையங்களும் 2001இல் செயல்படத் தொடங்கிய துறைமுகமும் மாநிலத்திற்கு ஆற்றலும் வணிகமும் அளித்தன. அதே வேளையில், கொசத்தலையாற்றுக் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்தோரின் பிழைப்பைக் குறைத்தது. 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதியதால் கசிந்த எண்ணெயை மக்கள் வாளிகளால் அள்ளினர்.

நிறைவாக

பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. சங்கொலி நின்றது, அதை நம்பி வந்தோரின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கு வாழ்கின்றனர். ஒரு பகுதியின் வளர்ச்சியை அளக்கும்போது விளைந்த பொருளை மட்டும் எண்ணுதல் முறையன்று. பயன் யாரைச் சேர்ந்தது, இழப்பு யார்மீது விழுந்தது என வினவுதலே முழுமையான கணக்காகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதிக்குத் தொழில்தேடி வந்து குடியேறிய மூத்தோர் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் அனுபவத்தைத் தொகுத்து எழுதுக.
2. ‘வளர்ச்சியின் பயனும் இழப்பும்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.