பனி குறைந்த மார்கழியில் மாந்தோப்பு வேலை

காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் மாந்தோப்பு மேற்பார்வை வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் சோதனை அறுவடையில் இல்லை, மார்கழியில் இருக்கிறது. இரவில் நல்ல குளிர் விழுந்தால் முற்றிய கிளையின் நுனி பூவாகும். குளிர் போதாமல் மண்ணில் ஈரமும் இருந்தால், அதே நுனி துளிராகிவிடும். தோப்பு பார்க்க அழகாகச் சிவந்து நிற்கும், காய்தான் இருக்காது.

வேலைக்குச் சேர்ந்ததும் தோப்பு நிழலில் ஒரு வெப்பமானி மாட்டுங்கள். இரவு வெப்பம் 15 டிகிரியை ஒட்டி இறங்கினால் நிம்மதி. 20-க்குக் கீழே வரவே மறுத்தால், உங்கள் கையில் இருக்கும் ஒரே கடிவாளம் தண்ணீர். பருவமழை ஓய்ந்ததும் காய்ப்பு மரங்களுக்குப் பாசனத்தை நிறுத்திவிடுங்கள். பிஞ்சு பிடித்த பிறகு திறந்தால் போதும். மரம் காய்கிறதே என்று தோப்புக்காரர் பதறுவார். காரணத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பிப்ரவரியிலும் பூக்காத மரங்களுக்கு 1 சதவீத பொட்டாசியம் நைட்ரேட், அதாவது லிட்டருக்கு 10 கிராம், தெளிக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். இலை கரும்பச்சையாக முற்றிய கிளையில்தான் இது பலிக்கும். இளந்துளிரில் அடித்தால் மருந்தும் கூலியும் நட்டம்.

‘கல்டார்’ விஷயத்தில் உறுதியாக இருங்கள். பேக்லோபியூட்ரசால் என்ற இந்த மருந்தைச் செப்டம்பரில் வேரடியில் ஊற்றுவார்கள். அளவோடு கொடுத்தால் பூ வரும். ஒரு வருடக் குத்தகைக்காரர் அளவு மீறி ஊற்றினால் கணு குறுகி, பூங்கொத்து நெருங்கி, மரம் வருடக்கணக்கில் குன்றிப்போகும். அவருக்கு ஒரு போகம், தோப்புக்காரருக்கு ஒரு தலைமுறை மரம். எவ்வளவு ஊற்றலாம் என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்வது உங்கள் கடமை. சந்தேகம் வந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

குளிர் குறைந்த வருடம் பூ இரண்டு மூன்று தவணையாக வரும். தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் அது நீண்ட விருந்து. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நிறத்தில் கயிறு கட்டி, தேதியை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெங்களூரா ரக மாங்காயை கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு எப்போது, எத்தனை லோடு அனுப்பலாம் என்று முன்கூட்டியே சொல்ல அதுவே ஆதாரம்.

வெப்பமும் துளிரும் பூவும் தேதி வாரியாக இருக்கும் அந்த நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தோப்பில் சம்பளம் பேசும்போது அதை மேசைமேல் வையுங்கள்.