பழைய நகையின் முத்திரையைப் படித்தறிதல்

பொருளை முதலில் மாணவர் கையில் கொடுத்துப் பார்க்கச் செய்து, விளக்கத்தைப் பிறகு கூறுக என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற முறை. ஆதலின் சகோதரிகள் தம் பெட்டியிலுள்ள பழைய நகை ஒன்றையும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு சன்னலருகே அமருமாறு வேண்டுகிறோம். கொக்கியிலோ, மோதிரத்தின் உட்புறத்திலோ சிற்றெழுத்துகள் பதிந்துள்ளனவா எனக் காண்க.

பெரும்பாலும் இரா. நம் பாட்டிமார் அணிந்த அட்டிகையும் காப்பும் ஊர்ப் பொற்கொல்லர் செய்தவை. அவற்றின் மாற்றுக்கு உரைகல்லும் அவர் வாய்ச்சொல்லுமே சான்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்க நகைக்கு முத்திரை வழங்கத் தொடங்கியதே 2000-ஆம் ஆண்டில்தான். அது படிப்படியாகக் கட்டாயமாகத் தொடங்கியது 2021 ஜூன் 16 முதல். ஆகவே முத்திரை இல்லாத பழைய நகையை மாற்றுக் குறைந்தது என்று எவரேனும் கூறினால் உடனே நம்பிவிடலாகாது. அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தில் கொடுத்துச் சோதித்தறியலாம்.

நம்மவர் வீடுகளில் முத்திரையுடன் கூடிய பழம்பொருள் இருக்குமாயின் அது இங்கிலாந்தில் செய்த கடிகாரச் சங்கிலியாகவோ, புரூச்சாகவோ இருக்கக்கூடும். அந்நாட்டில் 1300-ஆம் ஆண்டிலேயே முதலாம் எட்வர்டு மன்னர் காலத்துச் சட்டம் சிறுத்தைத் தலை முத்திரையை ஏற்படுத்தியது. 1478 முதல் கைவினைஞர்கள் தம் பொருள்களை லண்டன் பொற்கொல்லர் மண்டபத்துக்கே கொண்டுசென்று சோதனைக்குத் தரவேண்டியதாயிற்று. மண்டபத்துக்கு ஆங்கிலத்தில் ஹால் என்று பெயர். ‘ஹால்மார்க்’ என்ற சொல் பிறந்தது அவ்வாறே.

முழு முத்திரையில் நான்கு செய்திகள் அடங்கும்: செய்தவரின் பெயர் முதலெழுத்துகள், மாற்று, சோதித்த ஊர், ஆண்டு. ஊரைச் சித்திரம் காட்டும். சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், கோட்டை எடின்பரோ. கடற்கரையே இல்லாத பர்மிங்காமுக்கு நங்கூரம் ஏன் என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டிருப்பாள்! அவ்வூரார் 1773-இல் சோதனைச் சாலைக்கு அனுமதி வேண்டி லண்டன் சென்றபோது கூடிய விடுதியின் பெயரில் நங்கூரம் இருந்தது என்பர். ஆண்டைக் குறிப்பது ஓர் எழுத்து. ஊருக்கு ஊர் அவ்வெழுத்து வரிசை வேறுபட்டமையால், ஊரை அறிந்த பின்னரே ஆண்டைத் தேடவேண்டும். 1975-இல்தான் எல்லா ஊர்களுக்கும் ஒரே வரிசை வந்தது.

நமக்கு மிக வேண்டியது மாற்று எண். 1854-இல் அந்நாட்டினர் 15, 12, 9 காரட்டுப் பொன்னையும் சட்டப்படி அனுமதித்தனர். ஒன்பது காரட்டில் 9 என்றும் .375 என்றும் இருக்கும். ஆயிரம் பங்கில் 375 பங்கே பொன். மற்றவை செம்பு, வெள்ளி முதலியன. பதினைந்து காரட்டுக்குரிய .625 காணப்பட்டால் அந்நகை 1854-க்கும் 1932-க்கும் இடைப்பட்டது. ஏனெனில் 1932-இல் 15, 12 காரட்டுகளை நீக்கி 14 காரட்டை வைத்தனர்.

இவ்வெண்ணை அறியாமையால் நம் குடும்பத்திலேயே ஒரு பிழை நேர்ந்தது. தந்தையார் மறைந்தபின், பாட்டனாரின் ஐந்து பவுன் எடையுள்ள கடிகாரச் சங்கிலி தங்கைக்கும், அதே எடையுள்ள நான்கு காப்புகள் நமக்கும் என்று பிரித்துக்கொண்டோம். தராசு சரியாகவே நின்றது. பல ஆண்டுகளுக்குப் பின் மகள் திருமணத்துக்காகச் சங்கிலியை உரைத்துப் பார்த்தபோதுதான் தங்கைக்கு உண்மை தெரிந்தது. “அக்கா, இது பாதிகூடப் பொன் இல்லையாம்” என்று கொண்டுவந்தாள். கண்ணாடி வைத்துப் பார்த்தோம், கண்ணிதோறும் 9,.375 பதிந்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த நாம் அதை ஒருமுறையேனும் படிக்கவில்லை.

கணக்கிட்டோம். நாற்பது கிராம் சங்கிலியில் பசும்பொன் 15 கிராம். 22 காரட்டுக் காப்புகளிலோ 36 கிராமுக்கு மேல். ஒருவரும் களவு செய்யவில்லை. ஆயினும் ஒருவர் பங்கு குறைந்திருந்தது. ஒரு காப்பைத் தங்கையிடம் கொடுத்தோம். இன்னும் ஏறத்தாழ ஒன்றரை கிராம் சேரவேண்டும் என்றதற்கு, அவள் அதை வாங்க மறுத்துவிட்டாள்.

முத்திரை போலத் தோன்றுவன எல்லாம் முத்திரை அல்ல. தட்டுகளிலும் கரண்டிகளிலும் சிறு கட்டங்களுக்குள் ஈ.பி.என்.எஸ். என்று காணப்படுவது முலாம் பூசியதற்கு அடையாளம்; உள்ளிருக்கும் ‘நிக்கல் சில்வர்’ என்ற உலோகத்தில் வெள்ளி சிறிதும் இல்லை. மேலும், கொக்கியில் உள்ள முத்திரை கொக்கிக்கே சான்று. பழுது பார்க்கும்போது வேறு கொக்கி மாற்றப்பட்டிருக்கலாம். முத்திரை தெளிவாகத் தெரியவில்லை என்று புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கவேண்டா. தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும். ஈரத்துணியால் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் போதும்.

சங்கிலியைத் தங்கை விற்கவில்லை. அதன் குறுக்குக் கட்டையில் நங்கூரமும், ஆண்டைக் காட்டும் சிறிய ‘இ’ என்னும் ஆங்கில எழுத்தும் உள்ளன. பர்மிங்காம் வரிசைப்படி அது 1904-05. பாட்டனாரின் திருமணத்தில், 1898-இல், மாமனார் அணிவித்த சங்கிலி என்றே நம் வீட்டில் சொல்லிவந்தனர்.