கிவிக் கொடியைச் சோதிக்கப் போகும் தம்பிக்கு



புதிதாக வந்த மஞ்சள் கிவி ரகத்தை இமாச்சல மலைச்சரிவில் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது. மிகவும் மகிழ்ச்சி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பழத்தின் ருசியைக் கடைசியில் பார். முதலில் கொடி அந்த ஊர்க் குளிரோடு ஒத்துப்போகிறதா என்று பார்.

1960-இல் பெங்களூர் லால்பாக்கில் கிவி நட்டார்கள். போதிய குளிர் இல்லாததால் காய்க்கவில்லை. 1963-இல் சிம்லாவில் நட்ட கொடிகள் 1969-இல் காய்த்தன. உலகமெங்கும் பேர்பெற்ற ஹேவர்டு ரகமே தாழ்ந்த மலைகளில் தடுமாறுகிறது. அங்கே அலிசன் ரகம் நன்றாகக் காய்க்கிறது.

ஆகவே கவாத்து முடிந்ததும் சில கிளைகளில் அட்டை கட்டி, கணுக்களை எண்ணி வை. வசந்தத்தில் எத்தனை மொட்டு விரிந்தது, அதில் எத்தனை பூத்தது என்று குறி. குளிர் போதாவிட்டால் பல மொட்டுகள் தூங்கும். பூப்பும் வாரக்கணக்கில் இழுக்கும். மஞ்சள் ரகங்கள் சீக்கிரமே துளிர்ப்பவை. பின்பருவ உறைபனி ஒரே இரவில் துளிரைக் கருக்கிவிடும். அந்தத் தேதிகளையும் விடாமல் எழுது.

ஆண் கொடியை மறந்துவிடாதே. பெண் பூவைக் கையில் எடுத்துப் பார்: நடுவில் வெள்ளைச் சூல்முடிகள் சக்கரம்போல் விரிந்திருக்கும், சுற்றிலும் மகரந்தப் பைகளும் நிறைய இருக்கும். புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்த மகரந்தத்துக்கு உயிர் இல்லை. ஆண் கொடி அதே நாட்களில் பூத்தாக வேண்டும். பூவில் தேனும் கிடையாது, தேனீ வேறு பூவைத் தேடிப் போய்விடும். விதை குறைந்தால் காயும் சிறுக்கும். பெண் ரகத்தை மட்டும் சோதிப்பது பாதிச் சோதனைதான்.

நோயையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் ஹார்ட்16ஏ என்ற மஞ்சள் ரகம் அருமையான பழம். 2010-இல் அந்நாட்டின் டெ புகேயில் பிஎஸ்ஏ என்ற பாக்டீரியா நோய் தென்பட்டது. சில ஆண்டுகளில் அந்த ரகத் தோட்டங்கள் அழிந்தன. நோயைத் தாங்கி நின்ற கோல்டு3 ரகம் அந்த இடத்தைப் பிடித்தது. தனிமைப்படுத்திச் சோதிக்காத கன்றை யார் கொடுத்தாலும் வாங்காதே.

முதல் காய்ப்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதே. கொடி முழுப் பருவத்துக்கு வரட்டும். இனிப்பு, உலர் எடை, கிடங்கில் தாங்கும் காலம் எல்லாம் பல பருவங்களில் அளந்து பார். ரகம் சரிவராவிட்டால் அதைத் தெளிவாக எழுது, மேலிடம் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கிவிக்குத் தூணும் கம்பியுமாகப் பந்தல் போட நிறையச் செலவாகும். அதற்கு ஒரு விவசாயி கடன் வாங்கும் முன்பே உன் அறிக்கை அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.